கனடாவுக்காகப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களே, கியூபெக் குரலையும் வகுப்புக்குள் விடுங்கள்

வணக்கம் சார், வணக்கம் மேடம்.

கனடா குடியேற்றத்துக்கான பிரெஞ்சுத் தேர்வுகளான டெஃப் கனடா, டி.சி.எஃப் கனடா எழுதுகிறவர்களுக்குச் சென்னையிலும் கோவையிலும் புதுச்சேரியிலும் ஆன்லைனிலும் வகுப்பு எடுக்கும் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களைப் போல ஒருவரிடம் பதினோரு மாதம் படித்தவள் நான். இலக்கணம் நன்றாகவே வந்தது. எழுத்து, பேச்சு, வாசிப்பு மூன்றிலும் என்.சி.எல்.சி என்ற கனடாவின் பிரெஞ்சுத் தர அளவில் 7 வந்துவிட்டது, கேட்டலில் மட்டும் 6. பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று, கனடாவுக்குக் குடியேறுகிறவர்களைத் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் 2023-இல் தொடங்கிய தனிச் சுற்றுக்கு நான்கிலுமே 7 வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த ஒரு படிக்காக எனக்கு ஒரு வருடம் போனது.

வகுப்பில் பதினோரு மாதமும் நாங்கள் கேட்டது பாரிஸ் குரல் மட்டும்தான். அதுவும் ஸ்டுடியோவில் நிறுத்தி நிதானமாகப் படித்த குரல். கனடாவில் பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்கின் உச்சரிப்பு எப்படி இருக்கும் என்று ஒருநாள் கேட்டேன். "அதெல்லாம் கொச்சை, காதுல வாங்காதீங்க, இருக்கிறதும் கெட்டுடும்" என்று பதில் வந்தது. சரி என்று விட்டுவிட்டேன். தேர்வறையில் ஒரு பெண் குரல் அந்த உச்சரிப்பில் பேச ஆரம்பித்ததும், எனக்குத் தெரிந்த சொற்கள்கூடத் தெரியாத சொற்களாகக் காதில் விழுந்தன. இது என்ன சொல் என்று யோசித்து முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. டி.சி.எஃப் கனடாவில் 35 நிமிடத்தில் 39 கேள்வி, ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும். திரும்பக் கேட்க வழியே இல்லை.

அப்புறம் கியூபெக்கின் மொன்றியால் நகரில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருக்கும் அக்கா வீட்டில் மூன்று வாரம் தங்கினேன். 1977-இல் வந்த மொழிச் சட்டப்படி அங்கே குடியேறியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்பதால், அக்கா மகள் பேசுவது அசல் கியூபெக் பிரெஞ்சு. ஒருநாள் காலையில் ஃபிரிட்ஜைத் திறந்துகொண்டே "இ ரெஸ்த் த்ஸு த்ஸு லே?" என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "பால் இருக்கான்னு கேட்டேன் சித்தி" என்றாள். பிரெஞ்சில் 'து' என்றால் 'நீ'. இதில் 'து' எங்கே வந்தது, 'நீ' என்று யாரைச் சொல்கிறாய் என்று கேட்டேன். "அது நீ இல்ல சித்தி, சும்மா கேள்விக்கு" என்றாள்.

அப்போதுதான் உறைத்தது. அந்த முதல் 'து' நம்முடைய 'ஆ' தான். இருக்கு என்பது இருக்கா ஆவது போல, வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வாக்கியத்தைக் கேள்வியாக்குகிறது. வகுப்பில் படித்தபடி வாக்கியத்தின் முன்னால் 'எஸ் க' போட்டுக் கேள்வி கேட்பதைவிடத் தமிழ் பேசுகிற ஒருவருக்கு இது எவ்வளவு எளிது, சொல்லுங்கள். இதை ஐந்து நிமிடத்தில் சொல்லித் தந்திருக்கலாமே.

மற்றதும் அப்படித்தான், எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. இ, யு ஒலிகளுக்கு முன்னால் த வந்தால் அதில் ஒரு ஸகரம் கலந்துவிடும், அதனால்தான் 'து' அங்கே 'த்ஸு'. செவ்வாய்க்கிழமையைச் சொல்லும் 'மார்தி'யும் 'மார்த்ஸி' ஆகிவிடுகிறது. இது தெருப் பேச்சு என்று ஒதுக்க முடியாது, கனடாவின் பொது ஒலிபரப்பான ரேடியோ-கனடாவில் செய்தி வாசிக்கிறவர்களே இப்படித்தான் சொல்கிறார்கள். மூக்கொலியும் இடம் மாறுகிறது. காற்று என்ற பொருளில் அவர்கள் சொல்லும் சொல், பாரிஸ் குரலுக்குப் பழகிய காதில் கிட்டத்தட்ட 'வேன்' என்று, அதாவது திராட்சை மது என்று விழும். 'ஜ ஸுயி' சுருங்கி 'ஷு' ஆகும். சாப்பாட்டு நேரம்தான் இதில் பெரிய குழி: பாரிஸில் 'தெஜெனே' மதியச் சாப்பாடு, 'தினே' இரவுச் சாப்பாடு. கியூபெக்கில் 'தெஜெனே' காலை, 'தினே' மதியம், இரவுக்கு 'சூப்பே'. 'தினே முடிந்ததும் வருகிறேன்' என்று ஒருவர் சொன்னால் எத்தனை மணிக்கு வருவார்? இது தெரியாதவர் பதிலை யோசிக்காமல் தவறாகத்தான் குறிப்பார்.

கொச்சை என்று சொன்னது எனக்கு இன்னும் வலிக்கிறது. 1608-இல் கியூபெக் நகரம் உருவாகி, 1763-இல் அந்த மண் பிரிட்டிஷார் கைக்குப் போய், பிரான்சோடு தொடர்பு அறுந்த பிறகும் அந்த மக்கள் காப்பாற்றி வைத்திருக்கிற மொழி அது. பாரிஸ் கைவிட்ட பழைய ஒலிகள் சில இன்னும் அங்கே இருக்கின்றன. யாழ்ப்பாணத்துக்காரர் "ஓம், வடிவா இருக்கு" என்றால் அதைப் பிழையான தமிழ் என்று நாம் சொல்வோமா?

உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. முதல் மாதத்திலிருந்தே வகுப்புக்குப் பத்து நிமிடம் கியூபெக் குரலுக்கு ஒதுக்குங்கள். கடைசி வாரம் வரை தள்ளிவைத்தால் பயம்தான் வரும், காது பழகாது. ரேடியோ-கனடாவின் நிகழ்ச்சிகளிலிருந்து சிறு பகுதிகளை எடுங்கள். ஒருமுறை மட்டும் ஒலிக்கவிட்டு, என்ன கேட்டது என்று பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். ஐந்து முறை போட்டுக் காட்டிவிட்டுப் புரிந்ததா என்று கேட்பதில் பலனில்லை, தேர்வு அப்படி நடப்பதில்லை.

நான் இரண்டாவது முறை எழுதினேன், கேட்டலில் 8 வந்தது. இடையில் நான்கு மாதம் வேறெதையும் புதிதாகப் படிக்கவில்லை, தினமும் அரை மணி நேரம் வானொலியும், ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா மகளோடு போனும்தான்.

அவள் வீட்டில் சாதாரணமாகப் பேசும் இருபது வாக்கியங்களை அவளையும் அக்காவையும் கேட்டுக்கொண்டு பதிவு செய்திருக்கிறேன். முதல் வாக்கியம் அந்தப் பால்தான். வகுப்பில் போட்டுக் காட்ட வேண்டும் என்றால் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன்.