மதில் கல்லும் நாலுவழிச் சாலையும்: ஊர் நலச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

கங்கைகொண்டசோழபுரம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஆகஸ்ட் முதல் 2025 ஜூலை முடிய உள்ள ஓராண்டின் அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்கள் மூவருக்கும் சங்கம் தன் அஞ்சலியைச் செலுத்துகிறது. அவர்களில் ஒருவர், ஊரில் எந்த மேட்டில் எந்த ஆண்டு யார் செங்கல் எடுத்தார் என்பதை வாய்மொழியாகவே சொல்லக்கூடியவர். அதை எழுதி வாங்காமல் விட்டது என் தவறு.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. தை மாதத்தில் மட்டும் கூடவில்லை, அறுவடை. கணக்கு விவரத்தைப் பொருளாளர் தனியே படிப்பார். நான் வேறு விஷயத்துக்கு வருகிறேன். பாதிப் பேர் அதற்காகத்தான் வந்திருக்கிறீர்கள் என்பது தெரியும்.

இந்த ஜூலையைப் போல ஒரு மாதத்தை நம் ஊர் என் வாழ்நாளில் கண்டதில்லை. ராஜேந்திர சோழனின் கடல் கடந்த படையெடுப்புக்கு ஆயிரம் ஆண்டு என்று ஆடித் திருவாதிரை ஐந்து நாள் விழாவானது. நிறைவு நாளான 27ஆம் தேதி பிரதமர் வந்தார். திருவாதிரையை ஒட்டி மாநில அரசு, சோழகங்கம் என்னும் நம் பொன்னேரியைச் சீரமைக்க 12 கோடி ரூபாயும் சுற்றுலா வசதிகளுக்கு 7.25 கோடி ரூபாயும் அறிவித்தது. பிரதமர் இங்கு வருவதற்கு முதல் நாள், 26ஆம் தேதி, சேத்தியாத்தோப்பு–சோழபுரம் நாலுவழிச் சாலை தூத்துக்குடி மேடையிலிருந்து திறந்துவைக்கப்பட்டது. 50 கிலோமீட்டர், 2,350 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, கொள்ளிடத்தின் மேல் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் பாலம். (அந்தச் சோழபுரம் கும்பகோணத்துப் பக்கத்துச் சோழபுரம், நம்முடையது அல்ல. வெளியூர்க்காரர்கள் குழம்புகிறார்கள், பொறுமையாகச் சொல்லி அனுப்புங்கள்.) அது மீன்சுருட்டி வழியாகப் போவதால், சென்னையிலிருந்து வரும் வண்டிகள் இனி நம் வாசலுக்கு இன்னும் வேகமாக வந்து சேரும்.

சாலை வேண்டாம் என்று இந்தச் சங்கம் ஒருநாளும் சொன்னதில்லை. கீழணைப் பழைய பாலத்தில் எதிர்வண்டிக்கு ஒதுங்கி நின்று, கும்பகோணம் ஆஸ்பத்திரிக்குப் பிரசவ வலியோடு போனவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கீழணையைச் சொல்லும்போது பழைய கதை ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். மார்கழிக் கூட்டத்தில் நான் அதைப் படித்துக் காட்டியபோது வராதவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன்.

1836இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் மேலணையும் கீழணையும் கட்டினார். கீழணைக்குக் கருங்கல் வேண்டியிருந்தது. சுற்றுவட்டாரத்தில் மலை கிடையாது, நம் கோயில் இருந்தது. மதிலைப் பிரித்தார்கள், சிற்பக் கற்களையும் பெயர்த்தார்கள். ஊர் ஏழைகள் தங்களால் ஆனமட்டும் தடுத்துப் பார்த்தார்கள் என்றும், அதற்காக அவர்களுக்குத் தண்டனைதான் கிடைத்தது என்றும் 19ஆம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. இடித்த கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தார்களாம். அந்த வாக்கு நிறைவேறவில்லை என்றும் அதே குறிப்பில் இருக்கிறது.

இதைப் படித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி எழுந்தார். “அண்ணே, அந்தக் கல்லு போகலேன்னா கீழணை ஏது? கீழணை இல்லேன்னா வீராணத்துக்குத் தண்ணி ஏது? இன்னிக்கு மெட்ராஸ்காரன் குடிக்கிறதே நம்ம மதிலத்தானே?” என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவர் சொன்னதில் பிழையில்லை. கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் நிறைகிறது, 2004இலிருந்து சென்னைக்குக் குழாயில் போகிறது. கல் வீணாகிவிட்டது என்று என்னால் சொல்ல முடியாது. ஊரைக் கேட்காமல் எடுத்தார்கள், எழுதிக் கொடுக்காமல் போனார்கள். என் வருத்தம் அந்த இரண்டின் மேல்தான். இந்த ஆண்டு சங்கம் செய்த வேலை எல்லாமே அந்த இரண்டைச் சுற்றித்தான்.

முதலில் வீட்டுக் கூரை. 2004இல் நம் கோயில் தஞ்சைப் பெரிய கோயிலோடு சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமானது. பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010இல் வந்த திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்டவேண்டும். கோயிலுக்கு அருகே ஓட்டு வீட்டில் இருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் ஐந்து மழைக்காலமாக நடுக்கூடத்தில் அண்டா வைத்துக்கொண்டிருக்கிறார். “செத்த ராஜாவுக்கு நிழல் வேணும், உசிரோட இருக்கிற எனக்கு வேணாமா?” என்று அவர் கேட்டதற்கு, நான் பதில் சொல்லாமல் கோப்பைத் திறந்தேன்.

சட்டத்தைப் பொறுமையாகப் படித்தால் அதிலேயே ஒரு வழி இருக்கிறது. 1992 ஜூன் 16க்கு முன்பிருந்தே நிற்கும் வீடு என்று காட்டினால், தடைப் பகுதிக்குள்ளும் பழுதுபார்க்க, புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். பழைய வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, கிரயப் பத்திரம், எது கிடைத்தாலும் தேடி எடுங்கள் என்று தெருத்தெருவாகச் சொன்னோம். ஒரு பாட்டி தலையணை உறைக்குள்ளிருந்து 1979ஆம் ஆண்டு ரசீதை எடுத்துத் தந்தார், எண்ணெய்ப் பிசுக்கோடு. இதுவரை பதினொரு குடும்பங்களின் தாள்களைக் கோப்பாக்கி அனுப்பியிருக்கிறோம். நான்கு பேருக்குப் பதில் வந்தது, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். அனுமதி வாங்கித் தருவதாகச் சொல்லி இடைத்தரகர் ஒருவர் இரண்டு வீட்டில் பணம் வாங்கியதும் நடந்தது. பெயர் வேண்டாம். பணத்தில் பாதி திரும்பிவிட்டது.

அடுத்து குழாய்ப் பள்ளம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மாசி மாதம், மாளிகைமேட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு தெருவில் குடிநீர்க் குழாய் பதிக்க ஜேசிபி வந்தது. காலை பத்து மணியிருக்கும், பேரன் ஓடிவந்து சொன்னான். போய்ப் பார்த்தால் மூன்றடி ஆழத்தில் வாளியின் பல் பட்டு ஒரு பக்கம் சரிந்திருந்தது. சரிவில் தட்டை ஓட்டுத் துண்டுகள், அதற்குக் கீழே செங்கல் வரிசை. சிதறிக் கிடந்தால் எங்கிருந்தோ வந்து விழுந்தது என்று நினைக்கலாம். இது இரண்டு வரிசை, களிமண் சாந்தோடு, கோடு பிடித்தாற்போல் கிழக்கு மேற்காகப் போனது. வண்டி ஓட்டிய பையன் என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி, “அய்யா, இது வெறும் ஓடுதானே?” என்றான். வெறும் ஓடுதான். அதே மாதிரி ஓட்டையும் இரும்பு ஆணியையும் சீனப் பீங்கான் சில்லுகளையும் 1980களிலும், மறுபடி 2021 முதலும் மாளிகைமேட்டில் தோண்டி எடுத்துத்தான், அரண்மனை நின்ற இடம் இது என்கிறார்கள்.

வேலையை நிறுத்தச் சொன்னோம். ஒப்பந்ததாரர் ஆள் கத்தினார். விஏஓ வந்தார். இரண்டு நாள் கழித்துத் தொல்லியல் துறையிலிருந்து வந்து அளந்தார்கள், படம் எடுத்தார்கள். குழாயை ஆறடி தள்ளி, இரண்டு எல்போ போட்டு வளைத்துக் கொண்டுபோனார்கள். அந்த இரண்டு நாளும் தெருவுக்குத் தண்ணீர் இல்லை. பழைய குழாயும் பள்ளத்தில் உடைந்திருந்தது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தங்கச்சி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “ராசா வீட்டுச் செங்கல்லுக்காக ரெண்டு நாளா தண்ணி இல்ல. அவரு வந்து கொடத்தத் தூக்குவாரா?” சங்கச் செலவில் டேங்கர் விட்டோம், மூன்று நடை. அந்தச் செலவு கணக்கில் இருக்கிறது, யாரும் கேள்வி கேட்கலாம்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அண்டா வைத்திருக்கும் நம் உறுப்பினர் தளம் போடுவதைத் தடுக்கும் அதே சட்டம், பொதுக் குடிநீர்ப் பணி, வடிகால், பொதுக் கழிப்பறை, மின் விநியோகம் ஆகியவற்றைக் ‘கட்டுமானம்’ என்ற சொல்லிலிருந்தே விலக்கி வைத்திருக்கிறது. 300 மீட்டருக்கு வெளியே போனாலோ அந்தச் சட்டத்துக்குக் கண்ணே கிடையாது. கோபுர நிழலை அளந்து வேலி போட்டார்கள். ஆனால் இரண்டரை நூற்றாண்டு தலைநகராக இருந்த ஊர் கோயில் மதிலுக்குள்ளேயா இருந்தது? உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி, கடாரங்கொண்டான்: நம் பக்கத்து ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொன்னாலே பழைய நகரத்தின் வரைபடம் வந்துவிடுகிறது. அதன்மேல்தான் நம் வீடு, வயல், முந்திரித் தோப்பு, இப்போது புதிதாகக் கொடி கட்டிய மனைப்பிரிவுகள், எல்லாமே.

நம்மையும் சொல்லிக்கொள்கிறேன். என் வீட்டுத் திண்ணைப் படி மேட்டிலிருந்து வந்த செங்கல். தீபாவளிக்கு முன் என் அப்பாயி பித்தளைப் பாத்திரம் தேய்க்க அந்தச் செங்கல்லைத்தான் இடித்துச் சலிப்பார், அதில் வரும் பளபளப்பு வேறு எதிலும் வராது என்பார். நாலு தலைமுறையாக நாம் எடுத்த கல்லைக் கணக்குப் பார்த்தால் காட்டன் துரையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

பொருள் கிடைத்தால் மறைத்துவிடுவதும் நம் வழக்கம்தான். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். தெரிவித்தால் நிலமே போய்விடும் என்று பயந்து மண்ணைத் தள்ளி மூடிவிடுகிறார்கள். இந்தப் பயத்தைப் போக்க, பங்குனியில் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து ஒருவரை வரவழைத்துப் பேசவைத்தோம். அதன் பின் ஒரே ஒருவர் வந்து, மாட்டுக் கொட்டகையில் இருக்கும் உருளைக் கல்லைப் பார்க்கச் சொன்னார். பார்த்தோம், அம்மிக் குழவி.

பொன்னேரி வேலைதான் இனி நமக்குப் பெரிது. ராஜேந்திரன் கங்கை நீரைக் கொண்டுவந்து வெட்டிய ஏரியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு ‘நீர்மயமான வெற்றித்தூண்’ என்று சொல்கிறது. வடக்கு தெற்காகக் கரை 16 மைல் என்பது பழைய குறிப்பு. தூர்வாருவதை யாரும் எதிர்க்கப் போவதில்லை, கடைமடை விவசாயிகள் வருஷக்கணக்காகக் கேட்டது. ஆனால் பொக்லைன் இறங்குவதற்கு முன்னால் பழைய மதகுகளும் கரையின் கல்கட்டும் எங்கெங்கே என்று நடந்து பார்த்துக் குறித்துவிட வேண்டும். வண்டல் எடுக்கும் நாட்களில் தொல்லியல் தெரிந்த ஒருவர் கரையில் நிற்க வேண்டும். இதைக் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். இன்றைய கூட்டம் ஒப்புதல் தந்தால் நாளையே அனுப்பிவிடலாம்.

அதே மனுவில் இன்னொன்றும் சேர்த்திருக்கிறேன். மேடுகளும் சுவர் தெரிந்த இடங்களும் உள்ள சர்வே எண்களைப் பட்டியலாக்கி ஒவ்வொரு ஊராட்சியிலும் விஏஓ அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். டெண்டர் போடுவதற்கு முன் பொறியாளர் அதைப் பார்க்க வேண்டும். மாசியில் நடந்தது முன்னரே தெரிந்திருந்தால் இரண்டு எல்போ விலையில் முடிந்திருக்கும், குடம் ஏந்தி யாரும் நின்றிருக்க மாட்டார்கள். இதற்கு அதிகாரிகள் வாயால் ‘பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டார்கள். எழுத்தில் வரும்வரை சங்கம் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாது.

நிறைவேறாதவை: திருச்சி–சிதம்பரம் சாலையில் கேட்ட நிழற்குடை வரவில்லை. சுற்றுலாப் பேருந்துகள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் பெண்களுக்கான கழிப்பறை கேட்டோம், அதுவும் இல்லை. சட்டம் விலக்குக் கொடுத்திருக்கும் பணி அது, தடை என்று யாரும் சொல்ல முடியாது. பள்ளிப் பிள்ளைகளை மாளிகைமேட்டுக்கு அழைத்துப்போனது ஒருமுறைதான், வெயில் கடுமை.

மாசியில் எடுத்த ஓட்டுத் துண்டுகளைத் துறையினர் கொண்டுபோய்விட்டார்கள், ஒப்புகைச் சீட்டு என்னிடம் இருக்கிறது. ஒத்துழைத்த ஜேசிபி தம்பிக்கும், டேங்கருக்குப் பாதி வாடகையே வாங்கிக்கொண்ட உரிமையாளருக்கும் நன்றி. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில், 1992 ஜூனுக்கு முந்தைய ரசீது வைத்திருந்தும் இதுவரை தராதவர்கள், கூட்டம் முடிந்ததும் இரண்டு நகல் எடுத்து மேசையில் கொடுத்துவிட்டுப் போகவும். மூலத்தைத் தர வேண்டாம், என் வீட்டிலும் கூரை ஒழுகுகிறது.

இப்படிக்கு,
செயலாளர்