ஷெட்யூலில் தேதியைக் கையால் அடிக்காதீர்கள்

மதிப்பிற்குரிய பனியன் கம்பெனி முதலாளிகளுக்கும், ஜி.எம்., புரொடக்‌ஷன் மேனேஜர் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் பிளானிங் பார்ப்பவன் எழுதுகிறேன். எக்செலில் போட்டுக்கொண்டிருந்த டி அண்ட் ஏ காலண்டரை (ஆர்டர் முதல் ஷிப்மெண்ட் வரை எந்த வேலை எந்த நாளில் என்ற அட்டவணை) மைக்ரோசாப்ட் புராஜெக்ட் சாஃப்ட்வேருக்கு மாற்றியது எங்கள் கம்பெனி மட்டும் இல்லை, அதனால் என் முதலாளியிடம் சொன்னதை உங்கள் எல்லோரிடமும் சேர்த்தே சொல்கிறேன். கேட்பது ஒன்றுதான். ஷெட்யூலில் தேதியைக் கையால் அடிக்காதீர்கள்.

போன ஷிப்மெண்டில் நடந்தது இதுதான். நேவி கலருக்கு லேப் டிப், அதாவது பையர் பார்த்து ஓகே சொல்ல வேண்டிய சாய மாதிரித் துணி, முதல் தடவை ரிஜெக்ட் ஆகி, மறுபடி அனுப்பி, பையர் ஓகே சொல்வதற்குள் ஒரு வாரம் போய்விட்டது. லேப் டிப் அப்ரூவல் தள்ளினால் சாயம் தள்ளும், சாயம் தள்ளினால் காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்வது), கட்டிங், தையல் எல்லாம் தள்ளும், இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தத் தள்ளலை அன்றைக்கே காட்டுவதற்குத்தான் சாஃப்ட்வேர். ஆனால் பையர் கேட்ட தேதி வர வேண்டும் என்று ஒவ்வொரு வரியிலும் தேதியை அடித்து வைத்திருந்ததால் திரையில் வேலையைக் காட்டும் பட்டை ஒன்று கூட நகரவில்லை. துணி சாயப்பட்டறையில் கிடக்கிறது, திரையில் செக்கிங் ஓடிக்கொண்டிருக்கிறது. ரிவ்யூ மீட்டிங்கில் அதைப் பார்த்து எல்லாரும் சரி, சரி என்று எழுந்து போனார்கள்.

அந்த ஒரு வாரத்தை யார் கொடுத்தார்கள் தெரியுமா? செக்கிங் டேபிள் அக்காமார். தொடர்ந்து நைட், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. விடியற்காலையில் நான் போனபோது ஓர் அக்கா நூல் வெட்டும் டிரிம்மரை விரலில் மாட்டியபடியே பீஸ் கட்டின் மேல் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார், அவரை எழுப்பச் சொல்லி எனக்கு ஆர்டர். அத்தனை பாடுபட்டும் பாதிச் சரக்கு தூத்துக்குடி போய்க் கப்பலேறாமல் விமானத்தில்தான் போனது. லேப் டிப் தள்ளிய அன்றே தெரிந்திருந்தால் பையரிடம் ஒரு வாரம் கேட்டிருக்கலாம், இல்லையென்றால் தையலில் ஒரு பகுதியை வெளி யூனிட்டுக்கு ஜாப் ஒர்க் கொடுத்திருக்கலாம். கடைசி நான்கு நாளில் தெரிந்தால் அக்காமாரை விழிக்க வைப்பதைத் தவிர வேறு வழி இருக்கிறதா?

இதில் சாஃப்ட்வேரைக் குறை சொல்லிப் பயனில்லை. 2010 பதிப்பிலிருந்து புதிதாக ஒரு வேலையை ஏற்றினால் அது முதலில் மேனுவலாகத்தான் நிற்கும், வரிக்குப் பக்கத்தில் ஒரு குண்டூசிப் படம் இருக்கும். குண்டூசி இருக்கும் வரை முன்னால் உள்ள வேலை தள்ளினாலும் அந்த வரி அசையாது. எல்லா வரிகளையும் தேர்ந்தெடுத்து ஆட்டோ ஷெட்யூலுக்கு மாற்றச் சொல்லுங்கள். ஆட்டோவில் இருக்கும்போதும் தொடக்கத் தேதியை அடித்தால் 'இதற்கு முன் தொடங்காதே' என்ற கட்டுப்பாடு தானாக ஒட்டிக்கொள்ளும், அதனால் அங்கேயும் அடிக்க வேண்டாம். எத்தனை நாள் ஆகும், எதற்குப் பின் எது, இந்த இரண்டை மட்டும் கொடுத்தால் தேதியை அது போட்டுக்கொள்ளும். பையர் கேட்ட தேதிக்கென்றே டெட்லைன் என்று தனிக் கட்டம் இருக்கிறது. அங்கே போட்டால் எந்த வேலையையும் இழுத்துப் பிடிக்காது, கணக்குப்படி முடியும் தேதி அதைத் தாண்டினால் உடனே சிவப்பு ஆச்சரியக்குறி வரும். மீட்டிங்கில் நீங்கள் பார்க்க வேண்டியது அந்தக் குறியைத்தான்.

அப்புறம் காலண்டர். சாஃப்ட்வேரோடு வரும் ஸ்டாண்டர்டு காலண்டர் திங்கள் முதல் வெள்ளி, காலை 8 மணி முதல் மாலை 5 மணி. நம் ஊரில் எந்தக் கம்பெனி அப்படி ஓடுகிறது? சனிக்கிழமையைச் சேர்க்க வேண்டும், மின்வாரியம் முன்கூட்டியே சொல்லும் ஷட்டவுன் நாளைக் கழிக்க வேண்டும், பொங்கலையும் உள்ளூர் மாரியம்மன் நோம்பியையும் போட வேண்டும். தீபாவளிக்கு ஒரு நாள் லீவு போட்டால் போதாது. போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போன ஒடிசா, பீகார் பசங்கள் திரும்பி வந்து லைன் நிறைய எத்தனை நாள் ஆகும் என்று லேபர் சூப்பர்வைசரைக் கேட்டால் சொல்லிவிடுவார், அதை ஏன் யாரும் கேட்பதில்லை? லைக்ரா துணியைக் கட்டிங்குக்கு முன் விரித்து ரிலாக்ஸ் ஆக விடுகிறோமே, அதற்கு ஞாயிறு ஏது, ராத்திரி ஏது. அந்த மாதிரி வேலைக்கு எலாப்ஸ்டு நாள் என்று கொடுத்தால் 24 மணி நேரக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

கட்டிங் முழுக்க முடிந்த பிறகுதான் தையல் என்று இணைத்திருப்பதையும் நிறையப் பார்க்கிறேன். முதல் கட்டு வந்ததுமே லைன் ஓட ஆரம்பித்துவிடும், அதனால் ஸ்டார்ட் டு ஸ்டார்ட் (அது தொடங்கினால் இதுவும் தொடங்கலாம்) போட்டு இரண்டு நாள் லேக், அதாவது இடைவெளி, கொடுங்கள். இல்லையென்றால் ஷிப்மெண்ட் தேதி தேவையில்லாமல் நீளும், நீளுவதைப் பார்த்து யாராவது மறுபடி தேதியைக் கையால் அடிப்பார்கள்.

தொண்ணூறு சதவீதம் முடிந்தது என்று எழுதுவதையும் விட்டுவிடலாம். தையல் மூன்று நாளாகத் தொண்ணூறிலேயே நின்றதை நாம் எல்லோரும் பார்த்தவர்கள்தான். இன்னும் எத்தனை நாள் வேண்டும் என்று லைன் சூப்பர்வைசரைக் கேட்டு, ரிமெய்னிங் டியூரேஷனில் அதைப் போட்டால் போதும். ஆர்டர் உறுதியான அன்றைக்கே பேஸ்லைன், அதாவது அன்றைய திட்டத்தின் நகல், எடுத்துவிடுங்கள், 11 பேஸ்லைன் வரை வைத்துக்கொள்ளலாம், பழையதன் மேல் எழுத வேண்டியதே இல்லை. எங்கே நாள் போனது என்று அப்போதுதான் தெரியும். எங்கள் ஃபைலில் பேஸ்லைனை அழித்துப் புதிதாக எடுத்துவிட்டார்கள், லேப் டிப்பில் போன வாரம் எங்கேயும் பதிவில் இல்லை, பழி மட்டும் செக்கிங் மேல் விழுந்தது.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஆர்டர் பிடிக்கும்போது சாயப்பட்டறையைக் கேட்காமல் போனிலேயே தேதி கொடுத்துவிடுகிறீர்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவில் பட்டறைகளை மூடியபோது சாயம் நின்றால் மொத்த ஊரும் நிற்கும் என்று பார்த்த ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் சாயத்துக்கு ஒரு தோராய நாளைப் போட்டுவிட்டு, தாமதமானால் பிளானிங்கில் உட்கார்ந்திருக்கிறவனைக் கூப்பிட்டுத் திட்டுவது எந்த நியாயத்தில் சேர்த்தி? லைசென்ஸ் ஒரே கம்ப்யூட்டரில். ஃப்ளோர் இன்சார்ஜ் அந்த ஃபைலைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. தேதியை மாற்றுகிறவர்களோ ஃப்ளோருக்கு வருவதே இல்லை.

கோபத்தில் ஒரு வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கஷ்டமும் தெரியும், பையர் கேட்கும் தேதிக்கு இல்லை என்று சொன்னால் ஆர்டர் வேறு பக்கம் போய்விடும். தேதியைக் குறைத்துக் கொடுங்கள், அது உங்கள் முடிவு, ஆனால் எந்த வேலையில் நாளைக் குறைக்கிறோம், அதற்கு எந்த ஆளை, எந்த மெஷினைச் சேர்க்கிறோம் என்று ஃபைலில் எழுதிவிட்டுக் குறைக்கலாமே. அடுத்த ஆர்டருக்கு ஃபைல் திறக்கும் அன்று சாயம், கட்டிங், தையல், செக்கிங் இன்சார்ஜ் நான்கு பேரையும் அரை மணி நேரம் உட்கார வைத்து அவர்கள் சொல்லும் நாளைப் போடச் சொல்லுங்கள், திங்கட்கிழமை தோறும் அதை பிரிண்ட் எடுத்து ஃப்ளோரில் ஒட்டச் சொல்லுங்கள், தேதியைக் கையால் அடிப்பதை மட்டும் நிறுத்திவிடுங்கள். தயவுசெய்து கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பிளானிங் செக்‌ஷனிலிருந்து ஒருவன், திருப்பூர்