பர்சரி கொடுக்கும் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீனிக்ஸ், சாட்ஸ்வொர்த், டொங்காட் வட்டாரத் தமிழ்ச் சங்கங்களிலும் ஆலயங்களிலும் கல்வி உதவித்தொகையை முடிவு செய்யும் குழுவினருக்கு,

வணக்கம்.

ஜனவரியில் மெட்ரிக் என்னும் பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்ததும் உங்கள் மேசையில் விண்ணப்பங்கள் குவியும். மருத்துவம், கணக்கியல் என்று கேட்கும் பிள்ளைக்கு உடனே கையெழுத்துப் போடுவீர்கள். சட்டம் என்றால் கொஞ்சம் தயக்கம் வரும். அதிலும் ஒரு பிள்ளை தனியுரிமையும் இணையப் பாதுகாப்பும் பற்றிய சட்டத்தில் தேர்ச்சி பெறப் போகிறேன் என்று சொன்னால், அது என்ன படிப்பு, வேலை கிடைக்குமா என்றுதான் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதிலாகவே இதை எழுதுகிறேன்.

நான் டர்பனில் வழக்கறிஞர். என்னிடம் ஒரு பாட்டி வந்தார். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று ஒருவன் அவரைப் போனில் அழைத்திருக்கிறான். அவருடைய அடையாள எண்ணைத் தடங்கலில்லாமல் ஒப்பித்தான். இறந்துபோன கணவர் பெயரைச் சொன்னான், குடியிருக்கும் தெருவைச் சொன்னான். இவ்வளவும் தெரிந்தவன் வங்கிக்காரனாகத்தான் இருப்பான் என்று நம்பி, போனுக்கு வந்த ஓடிபியை, அதாவது ஒருமுறை மட்டும் செல்லும் ரகசிய எண்ணைப் பாட்டி வாசித்துவிட்டார். பேத்தி கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்த பணம் முழுவதும் போயிற்று. ஓடிபியைக் கொடுத்தது நீங்கள்தானே என்று வங்கி கையை விரித்துவிட்டது. எனக்கு உறுத்தியது அதற்கு முந்தைய கேள்வி. அத்தனை விவரமும் அவன் கைக்கு யாரிடமிருந்து போயிற்று? அந்த நூலைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போகத் தெரிந்த வழக்கறிஞர்கள் நம்மிடையே மிகக் குறைவு.

நம் அடையாள எண்ணையே பாருங்கள். 13 இலக்கங்கள். முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த நான்கும் 5000க்குக் கீழே இருந்தால் பெண். நிறவெறி ஆட்சியில் இனத்துக்கும் அதில் ஓர் எண் இருந்தது. அந்த எண்ணைத்தான் அங்கத்தினர் படிவத்திலும் கல்யாண மண்டபப் பதிவேட்டிலும் போகிற போக்கில் எழுதிக்கொடுக்கிறோம்.

இதற்கெல்லாம் சட்டம் இல்லாமல் இல்லை. அரசியல் சாசனத்தின் 14ஆம் பிரிவு தனியுரிமையை உரிமையாக்கியிருக்கிறது. 2013இல் இயற்றப்பட்ட தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், அதாவது எல்லாரும் போப்பியா என்கிறோமே அது, 2021 ஜூலை 1 முதல் முழு வீச்சில் அமலில் இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு தகவல் அலுவலர் உண்டு. நீங்கள் யாரையும் நியமிக்கவில்லை என்றாலும் அமைப்பின் தலைவர்தான் அந்தப் பொறுப்பாளி. ஒருவரின் மதம், உடல்நிலை, கைரேகை எல்லாம் கூடுதல் கவனம் கேட்கிற தகவல்கள். விவரம் கசிந்தால் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் சம்பந்தப்பட்டவர்களுக்கும் தெரிவித்தே ஆகவேண்டும். நம் ஆலயத் தலைவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

2021 ஜூலையில் துறைமுகங்களை நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட்டின் கணினிகள் தாக்கப்பட்டு, நம் துறைமுகத்தில் கன்டெய்னர்கள் தேங்கிக் கிடந்ததை டர்பன்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டு மாதம் கழித்து நீதித்துறை அமைச்சகமே ரான்சம்வேரில், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தாக்குதலில் முடங்கியது. பிள்ளைகளுக்குப் போகவேண்டிய ஜீவனாம்சப் பணம்கூடத் தாமதமானது. வைரஸ் தடுப்பு மென்பொருளின் உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தார்கள். 2023 ஜூலையில் ஆணையம் அந்த அமைச்சகத்துக்கு 5 மில்லியன் ராண்ட் அபராதம் விதித்தது. அரசாங்கமே தப்பவில்லை என்றால், வங்கியும் காப்புறுதி நிறுவனமும் மருத்துவமனையும் நகராட்சியும் இந்தச் சட்டம் தெரிந்த ஆளைத் தேடாமல் இருக்க முடியுமா? வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு இதுவே பதில்.

இதைக் கம்ப்யூட்டர் படிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். டர்பன் பல்கலைக்கழக வளாகமான ஹோவர்ட் காலேஜிலோ, தொலைநிலைப் பல்கலைக்கழகமான யூனிசாவிலோ படிக்கும் அதே நான்கு வருட எல்.எல்.பி. சட்டப் பட்டம்தான் அடித்தளம். ஒப்பந்தம், அரசியல் சாசனம், குற்றவியல், சாட்சியம் எல்லாவற்றையும் ஒழுங்காகப் படித்த பிறகே இந்தத் தேர்ச்சி. வெள்ளிக்கிழமை இரவு ஒரு மருத்துவமனையின் கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டன என்று வையுங்கள். முதலில் யாருக்குச் சொல்வது? நோயாளிகளுக்கு என்ன எழுதுவது? கேட்கிற பணத்தைக் கொடுப்பது குற்றமாகுமா? கணினியில் பதிந்திருக்கும் தடயங்களை நீதிமன்றம் ஏற்கும்படி எப்படிக் காப்பது? விவரங்கள் அயர்லாந்தில் ஒரு சர்வரில் இருந்தால் எந்த நாட்டுச் சட்டம்? தொழில்நுட்பக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்வது புரிந்து, அதைச் சட்டத்தின் மொழியில் சொல்லத் தெரியவேண்டும். அப்புறம் 2020ஆம் ஆண்டின் இணையக் குற்றச் சட்டம் இருக்கிறது. சம்மதமில்லாமல் ஒருவரின் அந்தரங்கப் படத்தைப் பரப்புவது அதன்படி குற்றம். நம் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் வெளியே சொல்ல முடியாமல் தவிக்கிற விஷயம் இது.

நம் முன்னோர் 1860இலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்து இறங்கியபோது பெயர், தகப்பன் பெயர், ஊர், சாதி, உடம்பிலிருந்த மச்சம் தழும்பு வரைக்கும் பதிவேட்டில் ஏற்றி, ஒரு எண்ணையும் கொடுத்தார்கள். 1907இல் ஜோகன்னஸ்பர்க் இருக்கும் அன்றைய டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் கைரேகையோடு பதிய வேண்டும் என்று சட்டம் வந்தபோது, காந்தியோடு போராடிய தமிழர் தம்பி நாயுடு போன்றவர்கள் சிறைக்குப் போனார்கள். 1908 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க் பள்ளிவாசல் முன்னால் அதை எதிர்த்து ஆயிரக்கணக்கில் பதிவுச் சீட்டுகளை எரித்தார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் நாம். நம்மைப் பற்றிய பதிவேட்டை யார் வைத்திருக்கலாம், எதற்கு வைத்திருக்கலாம் என்று கேட்கும் உரிமைக்கு இன்று சட்டமே துணை நிற்கிறது. அதைப் படித்தவர்கள் நம் வீடுகளிலிருந்து வரவேண்டும் என்று நான் மனதாரக் கேட்கிறேன்.

வருடத்துக்கு ஒரு பர்சரியையாவது இந்தத் துறைக்கென்று ஒதுக்குங்கள். எல்.எல்.பி.யோடு நிறுத்திவிடாமல் முதுகலை ஆண்டுக்கும் சேர்த்துக் கொடுங்கள், ஏனென்றால் உண்மையான தேர்ச்சி அங்கேதான் வருகிறது. பதிலுக்கு அந்த மாணவரிடம் உங்கள் பதிவேடுகளைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள். பர்சரி விண்ணப்பத்திலிருந்தே தொடங்கலாம். 17 வயதுப் பிள்ளையின் அடையாள அட்டை நகலும் பெற்றோரின் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு விவரமும் இன்று பல இடங்களில் குழு உறுப்பினர் ஒருவரின் சொந்த வாட்ஸ்அப்பில்தான் வந்து விழுகின்றன. தேர்வு முடிந்த பிறகும் அவை அங்கேயே கிடக்கின்றன.

ஜனவரி நேர்காணலில் உட்கார நீங்கள் கூப்பிட்டால் வருகிறேன். நீங்கள் தேர்ந்தெடுக்கும் பிள்ளைக்கு விடுமுறைக் காலத்தில் என் அலுவலகத்தில் பயிற்சிக்கு இடமும் தருகிறேன்.

இப்படிக்கு,
டர்பன் தமிழ் வழக்கறிஞர் ஒருவர்