சேதக் கணக்கில் வராத முருங்கை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழைக்கான முன்னேற்பாடுகள் குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மணல் மூட்டை, படகு, மரம் அறுக்கும் இயந்திரம், புயல் பாதுகாப்பு மையம் என்று எல்லாவற்றையும் சொன்ன அக்கட்டுரை, இரண்டு வயது நிரம்பாத பிள்ளை அந்த நாட்களில் எதைச் சாப்பிடும் என்று மட்டும் கேட்கவில்லை. வேதாரண்யம் வட்டத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 அன்று, நள்ளிரவு தாண்டிக் கஜா புயல் எங்கள் பக்கம் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் தென்னை, மா, முந்திரி எல்லாம் சாய்ந்து கிடந்தன. பின்னர் கணக்கெடுக்க வந்தவர்கள் கூரை வீடு, ஓட்டு வீடு, ஆடு, மாடு, படகு, வலை என ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்கள். தேவையான வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் கொல்லையில் நின்ற முருங்கையை யாரும் எழுதவில்லை. காற்றுக்கு முதலில் முறிவது முருங்கைதான். கூலி வேலைக்காரர் வீட்டில் காசு கொடுக்காமல் கிடைக்கும் கீரையும் அதுதான். கூடைக்கடியில் கிடந்த கோழிகளும் அன்றிரவே செத்துப்போனதால், வீட்டு முட்டையும் நின்றது. பிள்ளையின் தட்டில் சோறு தவிர வேறு என்னவெல்லாம் இருந்ததோ அத்தனையும் ஒரே இரவில் போய், எந்தப் பட்டியலிலும் ஏறாமல் விட்டுப்போயிற்று.

முகாமில் தக்காளி சாதமும் சாம்பார் சாதமும் குறைவின்றிக் கிடைத்தன. காரம் போட்ட அந்தச் சாதத்தைப் பத்து மாதக் குழந்தை எப்படி விழுங்கும்? தாய்மார்கள் பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்து ஊட்டினார்கள். அது எந்தத் தண்ணீர் என்று கேட்க அப்போது யாருக்கும் தெம்பில்லை. ஒரு வாரம் வயிற்றுப்போக்கு நீடித்தால், பிள்ளைக்கு மாதக்கணக்கில் ஏறிய எடை இறங்கிவிடும். நல்ல மனதோடு சிலர் பால்பவுடர் டின்களும் பாட்டில்களும் கொண்டுவந்து கொடுத்தார்கள். வெந்நீருக்கும் வழியில்லாத இடத்தில் அவை உதவியல்ல, ஆபத்து. அதிர்ச்சியில் தாய்ப்பால் வற்றிவிடும் என்ற பேச்சை நம்பிப் பாட்டிலுக்கு மாறியவர்களும் உண்டு. அடிக்கடி மார்பில் போட்டால் பால் ஊறும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆள் வேண்டும்.

இதைவிடப் பெரிய பசி புயலன்று வருவதில்லை. தையிலும் மாசியிலும் வருகிறது. நிவாரணப் பொருட்கள் தீர்ந்திருக்கும், தோப்பில் வேலை இருக்காது, தகப்பன் வெளியூர் போயிருப்பார், தாயும் கிடைத்த கூலிக்கு விடியற்காலையில் கிளம்பிவிடுவார். பாட்டியிடம் விடப்பட்ட பிள்ளைக்கு நான்கு ஐந்து வேளை ஊட்டியது இரண்டு வேளையாகும். எங்கள் மையத்துக்கு வந்த ஒரு பையனின் மேற்கையைப் புயலுக்குமுன் அளந்தபோது, மெலிவைக் காட்டும் வண்ண நாடா பச்சையில் நின்றது. மாசியில் அது மஞ்சளுக்கு வந்துவிட்டது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அந்தச் சுற்றளவு 12.5 செ.மீ.க்குக் கீழே போனால் மஞ்சள், அதாவது மிதமான மெலிவு; 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் சிவப்பு, அதாவது கடுமையான மெலிவு. "நல்லாத்தான் சாப்பிடுறான் டீச்சர்" என்றார் தாய். அவர் பொய் சொல்லவில்லை. வயிறு நிறையக் கஞ்சி குடித்தான். கஞ்சி மட்டும் குடித்தான்.

அவனை நான் கவனித்ததே தற்செயல்தான். மையத்தின் ஓடுகள் பறந்து, எடை பார்க்கும் தராசு துருவேறி, மீதமிருந்த சத்துமாவுப் பொட்டலங்கள் ஈரத்தில் கட்டிபட்டுப் போயிருந்தன. எடை போடாத மாதத்தில் எந்தப் பிள்ளையும் மெலிந்ததாகப் பதிவேட்டில் இருக்காது. இப்போது பதிவேடு கைப்பேசிச் செயலிக்கு மாறியிருக்கிறது. ஆனால் கஜாவுக்குப் பிறகு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்த ஊர்களில் செயலியை வைத்து என்ன செய்வது?

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2019-21இல் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். உயரத்துக்கேற்ற எடையில்லாதோர் முந்தைய ஆய்வின் 19.7 விழுக்காட்டிலிருந்து 14.6 ஆகக் குறைந்தது மகிழ்ச்சியே; ஆனால் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்டோரிடையே இரத்தசோகை 50.7இலிருந்து 57.4 விழுக்காடாக ஏறியிருக்கிறது. நிலைமை நன்றாக இருக்கும் ஊர்களையும் சேர்த்து எடுத்த மாநிலச் சராசரியே இப்படி என்றால், புயல் அடித்த கடற்கரைக் கிராமத்தின் மாசி மாதம் எப்படி இருக்கும் என்பதைத் தனியாக அளந்தால்தான் தெரியும்.

ஆகவே, புரட்டாசி முடியுமுன் கடலோர அங்கன்வாடி மையம் ஒவ்வொன்றிலும் இரண்டு மாதத்துக்கான சத்துமாவைத் தண்ணீர் புகாத டிரம்களில் சேமித்து வைக்க வேண்டும். புயல் கடந்த பத்து நாட்களுக்குள் எல்லாப் பிள்ளைகளின் கைச்சுற்றளவையும் அளந்து, அதன்பின் பங்குனி வரை மாதந்தோறும் அளக்க வேண்டும். நாடாவுக்கு மின்சாரமும் வேண்டாம், கைப்பேசிக் கோபுரமும் வேண்டாம். முகாம் சமையலில் காரமில்லாத குழைந்த பருப்புச் சாதம் ஒரு பாத்திரம் தனியாக இறக்கப்பட வேண்டும். தென்னங்கன்று கொடுக்கும்போதே நடுவதற்கு வீட்டுக்கு இரண்டு முருங்கைப் போத்தும் (கிளைத்துண்டும்) கொடுக்கலாம். தென்னை காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். போத்து சில மாதங்களிலேயே கீரை தரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.