அப்பாவுக்கு மட்டும் ஒரு தாள்

ஹல்,
25.1.2026

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கே நீங்கள், அம்மா, ஆச்சி, தம்பி, பாப்பா எல்லோரும் நலமா?

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. "ஆயுத பூஜைக்கு அப்புறம் உன் கையெழுத்தைப் பார்க்கவில்லை" என்று முதல் வரியிலேயே குட்டிவிட்டீர்கள். தினமும் போனில் பேசுகிறேனே என்று சொல்லலாம். முப்பது வருஷத்துக்கு மேல் ஊரார் கடிதத்துக்கெல்லாம் சீல் குத்தியவரிடம் அந்தச் சமாதானம் எடுபடாது. போதாததற்கு, போனில் பாப்பா தன் ஓவியத்தைக் காட்டி முடிப்பதற்குள் என் பஸ் வந்துவிடுகிறது. ஒன்றும் பேசின மாதிரியே இருப்பதில்லை.

ஹாஸ்டலிலிருந்து நான் எழுதின கடிதங்களைச் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்புவீர்களே, நினைவிருக்கிறதா? 'அருகாமையில்' என்று எழுதியதற்கு இரண்டு சுழி. அன்றைக்கு அழுதேன். அதற்கப்புறம் இன்றுவரை அந்தச் சொல்லை எழுதியதில்லை. இதிலும் ஏதாவது இருந்தால் சுழித்து அனுப்புங்கள்.

பார்சல் வந்து சேர்ந்தது. எள்ளுப்பொடி, கருப்பட்டி இரண்டும் பத்திரம். கல்லிடை அப்பளம்தான் ஒன்றுகூட முழுசாக இல்லை. அம்மா மனசைக் கஷ்டப்படுத்திக்கொள்ள வேண்டாம். நொறுங்கலைப் பொரித்துத் தயிர்ச்சோற்றில் தூவிச் சாப்பிட்டேன், அதுவே தனி ருசி. ஞாயிற்றுக்கிழமை உளுந்தம்பருப்புச் சோறு வைத்தேன். தாளிக்கும்போது கூரையிலிருக்கிற புகை மணி கத்த ஆரம்பித்துவிடும். அதனால் ஜன்னலைத் திறந்துவைத்து, தலையில் மப்ளர் சுற்றிக்கொண்டுதான் இங்கே தாளிப்பு. இந்த ஊர்ப் பலகாரம் ஒன்று இருக்கிறது, பாட்டி என்று பெயர். ஆச்சியிடம் சொல்லுங்கள், சிரிப்பாள். உருளைக்கிழங்கை மசித்து ஏதோ ஒரு பச்சிலையைச் சேர்த்து, மாவில் முக்கிப் பொரிக்கிறார்கள். நம் போண்டாவுக்குத் தூரத்துச் சொந்தம், காரம் மட்டும் கிடையாது. மேலே தூவ உப்பும் பாப்ரிகாவும் கலந்த ஒரு சிவப்புப் பொடி. அதை ஊரே தலையில் வைத்துக் கொண்டாடுகிறது.

உங்களுக்குப் பிடித்த சமாச்சாரம் ஒன்று. இங்கிலாந்து முழுக்க டெலிபோன் கூண்டு சிவப்பு என்பீர்களே, ஹல்லில் அது பாலாடை நிறம். 1904-லேயே மாநகராட்சி சொந்தமாக டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வைத்த ஊராம். தபால் பெட்டி மட்டும் நம் ஊர்ப் பெட்டி மாதிரிச் சிவப்புதான். இந்தக் கடிதத்தைப் போடும்போது உங்களை நினைத்துக்கொண்டு ஒருமுறை தட்டிவிட்டு வருவேன்.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டிசம்பரில் மூன்றே முக்காலுக்குள் சூரியன் போய்விடும், இப்போது கொஞ்சம் பரவாயில்லை. ஹம்பர் ஆறு ஐப்பசி வெள்ளத்தில் தாமிரபரணி ஓடுகிற நிறத்தில் எப்போதும் கிடக்கிறது. அங்கிருந்து வருகிற காற்று காதுக்குள்ளே புகுந்து எலும்பை எண்ணும். ஹீட்டர் போட்டால் தோல் வறண்டுபோகிறது, அதனால் நான் அதிகம் போடுவதில்லை. அம்மா கொடுத்துவிட்ட கம்பளி இருக்கிறது.

முதுகு வலி என்று போனில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன், அம்மா அதையே பிடித்துக்கொண்டாள். நடந்தது இதுதான். எங்கள் முதியோர் இல்லத்தில் எழுந்து நிற்க முடியாத பெரியவர்களைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற ஒரு தூக்கு மெஷின் உண்டு. தொட்டில் மாதிரித் துணியில் உட்காரவைத்துத் தூக்கும். இரண்டு பேர் சேர்ந்துதான் அதைத் தொட வேண்டும். அன்றைக்கு விடியற்காலை ஒரு தாத்தா பாத்ரூம் போகணும் என்று அழுதார், கூட வேலை பார்ப்பவள் அடுத்த மாடியில் இருந்தாள். நாலு நிமிஷம் பொறுத்திருந்தால் வந்திருப்பாள். களத்தில் நெல்மூட்டை தூக்கினவள்தானே என்ற திமிரில் கையாலேயே தூக்கினேன். இடுப்பில் ஏதோ மளுக்கென்றது. நல்லவேளை, தாத்தாவைக் கீழே விடவில்லை.

மேனேஜர் திட்டப்போகிறார் என்று நடுங்கிக்கொண்டு போனேன். அவர் ஒரு பதிவேட்டை எடுத்து வைத்து, எத்தனை மணி, எந்த அறை, யார் எங்கே இருந்தார்கள் என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். மறுநாள் அந்த மாடிக்கு விடியற்காலையில் கூடுதலாக ஒரு ஆள் போட்டிருந்தது. திட்டியிருந்தால்கூட எனக்குத் தூக்கம் வந்திருக்கும். இப்போது வலி குறைந்துவிட்டது. குனியும்போது மட்டும் ஞாபகப்படுத்துகிறது.

பக்கத்து வீட்டுக் கிழவியைப் பற்றி எழுதாவிட்டால் ஆச்சி கோபித்துக்கொள்வாள். எழுபது வயது. என்னோடு தங்கியிருந்த கேரளத்துப் பிள்ளை லீட்ஸுக்கு வேலை மாறிப் போனாளே, அன்றைக்கு அபூர்வமாக வெயில் அடித்தது. அவளை வழியனுப்பிவிட்டு வந்து துணி துவைத்துக் கொடியில் போட்டேன். கிழவி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் போட்டாள்: "ஆள் கிளம்பின அன்றைக்கா துவைப்பாய்? அவளைக் கழுவி அனுப்பிவிடுவாயே!" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் அப்பா மீன்பிடிக் கப்பலில் போனவர். ஐஸ்லாந்துக் கடலுக்கு ஆண்கள் கிளம்புகிற நாளில், மீனவக் குடும்பங்கள் இருந்த ஹெஸ்ஸில் ரோட்டில் எந்த வீட்டிலும் துணி துவைக்க மாட்டார்களாம்.

உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தாள். 1968-ல் அவளுக்குப் பன்னிரண்டு வயது. அந்த ஜனவரி, பிப்ரவரியில் இந்த ஊர்க் கப்பல் மூன்று அடுத்தடுத்து மூழ்கி 58 பேர் போய்விட்டார்கள். ஒரே ஒருவர் பிழைத்தார். அந்தக் கடலில் கப்பல்மேல் தெறிக்கிற தண்ணீர் அப்படியே உறைந்துவிடுமாம். கோடரியால் வெட்டி வெட்டித் தள்ளாவிட்டால் பாரம் தாங்காமல் கப்பல் கவிழ்ந்துவிடும். முதலில் போன கப்பலில் ரேடியோ ஆபரேட்டரே இல்லை. தகவல் வரவில்லையே என்று கரையில் யாரும் பதறவுமில்லை, இரண்டு வாரத்துக்கு மேல் தேடவே தொடங்கவில்லை. பிறகு லிலியன் பிலோக்கா என்று ஒரு அம்மாள், மீன் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தவள், தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு துறைமுகத்தில் போய் நின்றாள். பத்தாயிரம் கையெழுத்து வாங்கி லண்டன் வரை போய் மந்திரிகளைப் பார்த்தாள். கப்பலுக்கு ஒரு ரேடியோ ஆள் கட்டாயம் என்று வாங்கிக்கொண்டுதான் வந்தாள். அதற்குக் கூலி, இருந்த வேலையும் போயிற்று, மீன் தொழிலில் வேறு எங்கேயும் வேலை கிடைக்கவில்லை. மொட்டைக் கடுதாசி வேறு. கிழவி இதைச் சொல்லும்போது கைநடுக்கத்தில் கப்பு தட்டில் மோதிக்கொண்டே இருந்தது. அவள் அப்பா வேறு கப்பல், திரும்பி வந்துவிட்டார். "அந்த வருஷம் திரும்பி வந்தவர்கள் தெருவில் தலைகுனிந்துதான் நடந்தார்கள்" என்றாள்.

நான் கிளம்பின அன்று அம்மா பொழுது சாய்கிற வரை வீட்டைப் பெருக்கவில்லை, தலைக்குக் குளிக்கவில்லை, நான் குடித்துவிட்டு வைத்த டம்ளரைக்கூடக் கழுவவில்லை என்று பாப்பா பிறகு சொன்னாள். கிழவி வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அந்த டம்ளர்தான் கண்ணுக்குள் வந்தது. திண்ணை, ஆச்சியின் வெற்றிலை உரல், வாய்க்காலில் தண்ணீர் விடுகிற சத்தம். டீ ஆறிப்போயிற்று. கிழவி ஒன்றும் கேட்காமல் கெட்டிலை மறுபடி அடுப்பில் வைத்தாள்.

பிசானம் எப்படி இருக்கிறது? கதிர் வந்துவிட்டதா? மேலத்தெரு அத்தை முழங்கால் எப்படி? டீச்சர் மதினியிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் பெரியவள்


அப்பாவுக்கு மட்டும்

அப்பா, இந்தத் தாளைத் திண்ணையில் வாசிக்க வேண்டாம்.

தம்பிக்கும் இங்கே என் மாதிரிக் கேர் வேலை வாங்கித் தருவதாக, என்னை அனுப்பிய அதே ஏஜென்ட் பதினான்கு லட்சம் கேட்கிறான், வயல் பத்திரத்தை வைக்கலாமா என்று கடைசிப் பத்தியில் பொடி எழுத்தில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கேர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை இந்த நாட்டு அரசாங்கம் 2025 ஜூலை 22-ஆம் தேதியே நிறுத்திவிட்டது. அவன் விற்கிறது இல்லாத சரக்கு.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று தம்பி கேட்பான். அவனிடம் சொல்லுங்கள். ஆளெடுக்க அனுமதி உள்ள கம்பெனிகளின் பட்டியலை அரசாங்கமே இணையத்தில் போட்டிருக்கிறது, காசில்லாமல் யாரும் பார்க்கலாம். நான் வந்து இறங்கிய பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது. பார்த்தாலும் முழுசாக நம்பிவிட முடியாது. என்னை எடுத்த கம்பெனி அந்தப் பட்டியலில் இருந்ததுதான். போன அக்டோபரில் அதன் லைசென்ஸ் ரத்தாயிற்று. அறுபது நாளைக்குள் வேறு இடம் தேடு, இல்லாவிட்டால் ஊருக்குப் போ என்று காகிதம் வந்தது. அந்த அறுபது நாளும்தான் நான் உங்களுக்கு எழுதாத நாட்கள். எழுதினால் என் கையெழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். டிசம்பரில் இந்த ஹோம் கிடைத்தது. அதனால்தான் அந்த நாலு நிமிஷம் பொறுக்காமல் தாத்தாவைத் தூக்கினேன், மெதுவான ஆள் என்று பெயர் வந்துவிடக் கூடாதே என்று.

இன்னொன்று. பாப்பாவை எப்போது கூட்டிப்போவாய் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறீர்கள். கேர் வேலைக்கு வருகிறவர்கள் பிள்ளையைக் கூட்டிவர முடியாது என்ற சட்டம் 2024 மார்ச் 11-லேயே வந்துவிட்டது. நான் விமானம் ஏறினது ஜூனில். ஆறு மாசத்தில் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொன்னான், நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் போக முடியாமல் போய்விடுமோ என்று பயந்தேன் என்பதுதான் நிஜம். அத்தானுக்கு இது தெரியும். உங்களுக்குத்தான் சொல்லவில்லை.

சங்கிலியின் அடகுத் தவணை மார்ச்சில் முடிகிறது. முழுசாக மீட்க என்னால் இப்போது ஆகாது. வட்டியை மட்டும் கட்டி மாற்றி வையுங்கள், பிப்ரவரி சம்பளத்தில் அனுப்புகிறேன். உங்கள் ஆர்டி சேமிப்பை உடைக்காதீர்கள். தம்பி லாரி ஓட்டும் லைசென்ஸ் எடுக்கட்டும், அதற்கு வேண்டியதை நான் தருகிறேன். கோபப்படுவான், ஒரு வாரம் சாப்பிடமாட்டான். அம்மா சோற்றைப் பிசைந்து கையில் கொடுத்தால் சரியாகிவிடுவான். ஏஜென்ட் திண்ணைக்கு வந்தால் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள், சண்டை வேண்டாம்.

அடுத்த பார்சலில் அப்பளம் வேண்டாம், நொறுங்குகிறது. இட்லிப் பொடி போதும்.

பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டதாமே, கூரையில் எறிந்தீர்களா? பக்கத்துப் பல்லும் ஆடுகிறது என்று போனில் வாயைத் திறந்து காட்டினாள். அது விழுகிற அன்றைக்கு எனக்கு இங்கே நடுராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை, எறிவதற்கு முன்னால் போன் பண்ணுங்கள்.