ஹென்றி ஷெஃப்லினுக்கு, தாமதமாக ஒரு மன்னிப்பு

ஹென்றி,

இன்று மார்ச் 25. 2015-ல் இதே நாளில்தான், அயர்லாந்தின் மட்டை-பந்து ஆட்டமான ஹர்லிங் போதும் என்று சொல்லிவிட்டு மட்டையைக் கீழே வைத்தீர்கள். பத்து அகில அயர்லாந்துப் பதக்கக் கணக்கெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதை நான் எண்ணிக் காட்ட வேண்டியதில்லை. நான் எழுத வந்தது 2012 செப்டம்பர், டப்ளினின் குரோக் பார்க் மைதானம், இறுதி ஆட்டம், அந்தப் பெனால்டி.

கால்வே அணியோடு சமநிலை, ஆட்டம் முடியப் போகிறது. பாதி ஆட்டத்தில் ஐந்து புள்ளி பின்தங்கிக் கிடந்த நம் கில்கென்னி அணியை அதுவரை இழுத்து வந்ததே நீங்கள்தான். கோல் கோட்டில் மூன்று பேர் மட்டையோடு நிற்கிறார்கள், அப்போதைய விதி அப்படி. வலைக்குள் அடித்தால் மூன்று புள்ளி, அதோடு தீர்ந்தது. நீங்களோ கம்பத்துக்கு மேலே தட்டிவிட்டு ஒரு புள்ளி எடுத்துக்கொண்டீர்கள். நான் எழுந்து நின்று "கோழை" என்று கத்தினேன்.

மன்னியுங்கள். ஆனால் ஏன் கத்தினேன் என்றும் சொல்லியாக வேண்டும். 2010 அரையிறுதியில் முட்டியில் தசைநார் அறுந்தது, நான்கே வாரத்தில் இறுதி ஆட்டம். உங்களால் ஓட முடிகிறதா என்று பார்க்க கில்கென்னியின் நோலன் பார்க் மைதானத்தில் பயிற்சிக்கே ஆயிரக்கணக்கில் கூடினோமே, அதில் நானும் இருந்தேன். ஓடினீர்கள், கை தட்டினேன். இறுதியில் கால் மணி நேரம்கூட அந்தக் கால் தாங்கவில்லை. டிப்பெரரி ஜெயித்து, தொடர்ந்து ஐந்தாவது கோப்பை என்ற கனவும் போனது. ஒரு யூரோ சம்பளம் இல்லாத ஆட்டத்துக்கு ஒரு மனிதன் தன் முட்டியைக் கொடுக்கிறான், நாங்கள் கை தட்டுகிறோம்! அதனால்தான் 2012-ல் இங்கேயே முடித்துவிடுங்கள், அந்தக் காலுக்கு இன்னொரு ஆட்டம் வேண்டாம் என்று நினைத்தேன். சரி, அது பாதி உண்மை. மீதி, எனக்கு அன்றைக்கே கோப்பை வேண்டியிருந்தது.

கடைசியில் கால்வேயின் ஜோ கேனிங் சமன் செய்தார், மறு ஆட்டம் வந்தது, பதினொரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தீர்கள், மூன்றாவது முறை ஆண்டின் சிறந்த வீரரும் ஆனீர்கள். வாயடைத்துப் போனேன்.

அப்புறம் 2021-ல் பயிற்சியாளராகக் கால்வேக்கே போனீர்களே. வேறு ஊரே கிடைக்கவில்லையா? கில்கென்னியில் உங்கள் பயிற்சியாளராக இருந்த பிரையன் கோடிக்கு எதிர்ப்பக்கம் நீங்கள் நின்றதைப் பார்க்கப் பிடிக்காமல் தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன். இதற்கு மேல் எழுத மாட்டேன், கால்வேயில் பெண் கொடுத்த குடும்பம் எங்களுடையது, இதை எல்லோரும் படிப்பார்கள்.

80,000 பேர் சத்தத்தில் அன்று நான் கத்தியது உங்கள் காதில் விழுந்திருக்காது. முன்வரிசையில் இருந்த ஒரு சிறுவனுக்கு விழுந்தது. கறுப்பும் மஞ்சளும் போட்ட பனியன், ஏழெட்டு வயது இருக்கும். திரும்பி என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.