நூறைத் தொடும் நொடிகள் மலைச்சாலைக்கு அளவுகோல் ஆகுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்கார்களின் வேகத்துக்கு முன்னால் பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் கார்களின் காலம் முடிந்துவிட்டது என்ற முடிவோடு தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்ட எத்தனை நொடி ஆகிறது என்ற ஒரே கணக்கை வைத்துக்கொண்டு, ஓட்டும் இன்பம் எதில் அதிகம் என்பதற்கும் அதே மூச்சில் தீர்ப்புச் சொல்லியிருப்பதுதான் இக்கடிதத்தை எழுதத் தூண்டியது. கட்டுரையின் முதல் பாதியில் எனக்கு மறுப்பு இல்லை. இரண்டாம் பாதி, நீலகிரியில் வண்டி ஓட்டுகிறவர்களைப் பொறுத்தவரை, பொருந்தவே இல்லை. என் வீட்டு வாசலில் நிற்பதும் மின்கார்தான் என்பதால், பழமைப் பற்றால் எழுதுகிறேன் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

பிக்கப் விஷயத்தில் மின்கார் வெல்வதில் வியப்பு எதுவும் இல்லை. மின்மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்திலேயே தன் முழு முறுக்குவிசையையும், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் பலத்தையும், தந்துவிடுகிறது. பெட்ரோல் என்ஜினோ குறிப்பிட்ட சுழற்சி வேகத்தை எட்டிய பிறகுதான் பலம் காட்டும், இடையில் கியர் மாற்றவும் நேரம் போகும். உலகில் முதன்முதலாக மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தாண்டிய காரே மின்சாரத்தில் ஓடியதுதான்: 1899இல், பாரிஸ் நகருக்கு அருகில், பெல்ஜியத்தைச் சேர்ந்த காமில் ஜெனாட்ஸி ஓட்டியது. 2023இல் சுவிட்சர்லாந்து மாணவர்கள் தாங்களே கட்டிய ஒரு சிறிய மின்காரை 0.956 நொடியில் நூறுக்குக் கொண்டுபோனார்கள். இந்த அளவுக்கு வந்த பிறகு அது மோட்டாரின் திறமையைப் பற்றிய போட்டியாக இல்லாமல், டயர் தரையை எவ்வளவு பற்றுகிறது என்ற போட்டியாக மாறிவிடுகிறது.

கட்டுரையாளர் கவனிக்காமல் விட்ட ஒன்று மின்காருக்குச் சாதகமானதே. உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி சமவெளியில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ, அதாவது காற்றை அழுத்தி என்ஜினுக்குள் செலுத்தும் கருவி, இல்லாத பெட்ரோல் என்ஜின் அந்த அளவுக்கு மூச்சு வாங்கும். அதாவது, சென்னையில் 510 குதிரைத்திறன் தரும் என்ஜின் உதகையின் சேரிங் கிராஸ் சந்திப்புக்கு வந்து சேரும்போது நானூறைச் சற்றே தாண்டிய திறனோடுதான் நிற்கும். டர்போ உள்ளவை இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிக்கொள்ளும். மின்மோட்டாருக்கோ எரிப்பதற்குக் காற்றே தேவையில்லை என்பதால், மேட்டுப்பாளையத்தில் தந்த அதே இழுவையைத் தொட்டபெட்டா ஏற்றத்திலும் தரும். மலையேற்றத்தில் மின்கார் மேம்பட்டது என்று நான் ஒப்புக்கொள்வது இந்தக் காரணத்தால்தான், நொடிக்கணக்கால் அல்ல.

ஆனால் ஏற்றம் முழுவதும் நேர்க்கோடாக இல்லையே. 2025இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த எம்ஜி சைபர்ஸ்டர் என்ற மின்ஸ்போர்ட்ஸ் காரையும், டர்போ இல்லாத போர்ஷே 911 ஜிடி3 காரையும் எடுத்துக்கொள்வோம். விலையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் என்றாலும், ஜிடி3யின் 992 என்ற தலைமுறை அறிமுகமானபோது அதற்கும் சைபர்ஸ்டருக்கும் ஒரே 510 குதிரைத்திறன்தான். நூறைத் தொட சைபர்ஸ்டருக்கு 3.2 நொடி, கையால் கியர் மாற்றும் ஜிடி3க்கு 3.9 நொடி. ஆக, வென்றது மின்கார். எடையைப் பாருங்கள்: சைபர்ஸ்டர் ஏறக்குறைய 2,000 கிலோ, ஜிடி3 1,450 கிலோவுக்கும் குறைவு. பர்லியாறு தாண்டிக் குன்னூர் வரை அடுத்தடுத்து வரும் கொண்டை ஊசி வளைவுகளில் அந்த 500 கிலோவை ஒவ்வொரு முறையும் பிரேக் பிடித்து அடக்கி, திருப்பி, மறுபடியும் இழுத்துச் செல்ல வேண்டும். மின்கலம் தரைத்தளத்தில் பரவியிருப்பதால் மின்கார் வளைவில் அதிகம் சாய்வதில்லை என்பது உண்மைதான். ஆனால் சாயாமல் இருப்பதும் இலகுவாக இருப்பதும் ஒன்றல்ல, அந்த வேறுபாட்டை ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் கை உடனே அறிந்துகொள்ளும்.

இன்பம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இதைவிட முக்கியமான பதில் ஒன்று உண்டு. வளைவுக்கு முன் கியரைக் குறைப்பது, என்ஜின் சத்தத்தைக் கேட்டே அடுத்த ஏற்றத்துக்கு இந்தக் கியர் தாங்குமா என்று கணிப்பது, கிளட்சை விடும் நேரத்தைக் காலால் உணர்வது ஆகியவை எல்லாம் ஓட்டுகிறவருக்கு வேலை கொடுப்பவை. அந்த வேலையைச் சரியாகச் செய்து முடிப்பதில்தான் மலைச்சாலை ஓட்டுநரின் நிறைவு இருக்கிறது, அதற்கு 510 குதிரைத்திறனும் வேண்டியதில்லை. கோத்தகிரிச் சாலையில் ஒரு சாதாரணச் சிறிய பெட்ரோல் காரே அதைத் தரும். ஹூண்டாய் நிறுவனம் 2023இல் அறிமுகப்படுத்திய அயானிக் 5 என் என்ற மின்காரில், இல்லாத கியர் மாறுவது போன்ற உதறலையும் இல்லாத என்ஜினின் ஒலியையும் மென்பொருளால் உண்டாக்கித் தரும் வசதி இருக்கிறது. நூறை மூன்றரை நொடிக்குள் தொடும் காருக்கு இந்த நாடகம் எதற்கு? வேகம் மட்டும் போதாது என்பதை அதைக் கட்டியவர்களே உணர்ந்திருக்கிறார்கள்.

இறக்கத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. மலைவாழ் வாசகர்களுக்கு அதுதான் முதல் கேள்வி. 1,700 கிலோ எடையுள்ள கார் உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஏறத்தாழ 1,900 மீட்டர் இறங்கும்போது விடுபடும் ஆற்றல் சுமார் 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். பெட்ரோல் காரில் அது என்ஜின் பிரேக்கிலும் பிரேக் தகடுகளிலும் வெப்பமாகப் போய்விடுகிறது. மின்காரில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் மோட்டாரே மின்னாக்கியாக மாறி வண்டியை இழுத்துப் பிடிப்பதால், உராய்வுக்கும் காற்றுக்கும் போக மீதியில் கணிசமான பகுதி மின்கலத்துக்குத் திரும்புகிறது. பழகிவிட்டால் பிரேக்கைத் தொடாமலே பல வளைவுகளைக் கடக்கலாம். அதிலும் ஒரு தனி ருசி இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் உதகை விடுதியில் இரவு முழுவதும் சார்ஜ் ஏற்றி, நூறு சதவீதத்தோடு காலையில் இறங்கத் தொடங்கும் சுற்றுலாப் பயணிக்கு, திரும்பி வரும் மின்சாரத்தை வாங்க மின்கலத்தில் இடம் இல்லாததால், பல மாடல்களில் இந்தப் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். வண்டியின் எடையை அப்போது பெரும்பாலும் பிரேக்கே சுமக்க வேண்டும். வெளியூர் வண்டிகள் இறங்கக் கட்டுப்பாடு விதிக்கப்பட்ட, உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும், 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிச் சாலையை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

ஒலியைப் பற்றி ஒரு சொல். வார விடுமுறைகளில் சைலன்சரை மாற்றிக்கொண்டு ஊருக்குள் உறுமிச் செல்லும் கார்களைக் கேட்டுச் சலித்துப்போன எங்களுக்கு மின்காரின் அமைதி பெரிய ஆறுதல். ஸ்போர்ட்ஸ் கார் ரசிகர்கள் இழந்துவிட்டதாக வருந்தும் அந்தச் சத்தத்துக்காக நான் வாதாட வரவில்லை.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு காரை மதிப்பிடும்போது மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஒருமுறை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். நூறைத் தொடும் நொடியோடு, ஏற்றத்தில் மணிக்கு 20 கி.மீ. வேகத்திலிருந்து 50ஐ எட்ட ஆகும் நேரம், காரின் எடை, அடிவாரத்தை அடையும்போது பிரேக் இருந்த நிலை, மின்கார் என்றால் எத்தனை சதவீதச் சார்ஜோடு இறங்கத் தொடங்கினார்கள் என்ற விவரம் ஆகியவற்றையும் வெளியிடுங்கள். குறிப்பாகக் கடைசி விவரத்தை, மே மாத சீசன் தொடங்கி வெளியூர்க் கார்கள் மலையேறுவதற்கு முன்பே தங்கள் நாளிதழ் வெளியிட்டால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.